ஊசிக்கு முன் ஒரு சாதிக் கேள்வி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மாலையில் மயக்க மருந்து டாக்டர் நோயாளியின் கட்டிலருகே வருவார். சர்க்கரை உண்டா, இளைப்பு உண்டா, ஆடுகிற பல் ஏதாவது இருக்கிறதா, வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்து கண் விழிக்க நேரமானதுண்டா என்று வரிசையாகக் கேட்பார். தென்னிந்தியாவில் பல மருத்துவமனைகளில் அந்த வரிசையில் இன்னொரு கேள்வியும் உண்டு: "நீங்க வைசியரா?"

வேறு எந்த இடத்தில் கேட்டாலும் சங்கடப்படுத்தும் கேள்வி இது. ஆனால் இதைக் கேட்காத டாக்டரைத்தான் மூத்த டாக்டர்கள் கடிந்துகொள்வார்கள். காரணம் ஸ்கோலின் என்ற ஊசி.

சக்ஸமெத்தோனியம் என்பது அதன் பாடப்புத்தகப் பெயர். 1951ஆம் ஆண்டையொட்டி மருத்துவப் புழக்கத்துக்கு வந்த தசைத் தளர்த்தி. இது மயக்கம் தருவதில்லை. உடம்பின் தசைகளை ஒரு நிமிடத்துக்குள் முழுவதுமாகத் தளர்த்தி, மூச்சுக்குழாயில் டியூப் போட வழிசெய்யும். வயிற்றில் சாப்பாட்டோடு, அவசர சிசேரியனுக்காக நள்ளிரவில் வந்து சேரும் பெண்ணுக்கு இந்த வேகம்தான் பாதுகாப்பு. தாமதமானால் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஐந்து, பத்து நிமிடங்களில் ஊசியின் வேலை தானாகவே தீர்ந்துவிடும். ரத்தத்தில் சுற்றிவரும் சூடோகோலினெஸ்டெரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். ஈரலில் உருவாகும் இந்த நொதிக்கான மரபணு மூன்றாவது குரோமோசோமில் இருக்கிறது.

அந்த நொதி செயல்படாத ஒருவருக்கு அதே ஊசி மணிக்கணக்கில் வேலைசெய்யும். மூச்சுத் தசைகளும் அசையாது. வெண்டிலேட்டரில் வைத்து, தூக்க மருந்தைத் தொடர்ந்து கொடுத்துக் காத்திருப்பதுதான் சிகிச்சை. என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளாமல் தூக்க மருந்தை நிறுத்திவிட்டால், நோயாளிக்கு நினைவு திரும்பிவிடும், இமையைத் தூக்க மட்டும் முடியாது. சுற்றி நடக்கும் பேச்செல்லாம் காதில் விழும். இரண்டே கட்டில் உள்ள நர்சிங் ஹோமில், வெண்டிலேட்டர் இல்லாத இடத்தில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்த அவையில் அமர்ந்திருக்கும் மயக்கவியல் மருத்துவர்களுக்கு இது பழைய செய்தி. மற்றவர்களுக்காக ஒரு திருத்தம் மட்டும். "எங்க ஆளுங்களுக்கு மயக்க மருந்தே ஆகாது" என்று சில குடும்பங்களில் சொல்லிக்கொள்வது சரியல்ல. ஆகாதது இந்த ஒரு தசைத் தளர்த்தியும், இதே நொதியால் சிதைக்கப்படும் மிவாகூரியமும்தான். மயக்க மருந்துகளுக்கு அதில் பங்கில்லை. இந்தத் தவறான பேச்சை நம்பி ஆபரேஷனையே தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஸ்கோலின் ஊசி சிலருக்கு மட்டும் நெடுநேரம் வேலைசெய்வது ஏன் என்று முதலில் தெளிவுபடுத்தியவர் டொராண்டோவில் பணியாற்றிய வெர்னர் காலோ. டிபுகெயின் என்ற மருந்து அந்த நொதியை எந்த அளவுக்கு அடக்குகிறது என்பதை அளந்து, ஒருவரிடம் இருப்பது வழக்கமான நொதியா, மாறுபட்டதா என்று 1957இல் பிரித்துக் காட்டினார். மருந்தின் விளைவு பரம்பரையைப் பொறுத்தது என்ற எண்ணத்துக்கு அதே ஆண்டில் அமெரிக்காவின் ஆர்னோ மொடுல்ஸ்கி ஒரு கட்டுரையில் உருவம் கொடுத்தார். 1959இல் ஜெர்மனியின் ஃபிரீட்ரிக் ஃபோகல், அந்த எண்ணத்திலிருந்து உருவான துறைக்குப் பெயர் சூட்டினார். 1962இல் காலோ அத்துறையின் முதல் நூலை எழுதினார். மரபணுவைப் படிக்கும் கருவிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஓர் அறுவை அரங்கின் தலைவலியிலிருந்து பிறந்த துறை இது.

சரி, வைசியர் எப்படி இதற்குள் வந்தார்கள்? கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆர். பூபதியும் அவரோடு பணியாற்றியவர்களும், அமெரிக்க, ஜெர்மானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மூலக்கூறு அளவில் விடை தந்தது. ஆரிய வைசியச் சமூகத்தில் இந்த நொதி செயலற்றிருப்பவர்களிடம், புரதச் சங்கிலியின் 307ஆம் இடத்தில் லியூசின் இருக்க வேண்டிய இடத்தில் புரோலின் இருந்தது. மரபணுவில் ஓர் எழுத்து மாறியதன் விளைவு. தாய் வழியிலும் தந்தை வழியிலும் இந்த மாற்றத்தைப் பெற்றவர்களுக்கு நொதி அநேகமாக இல்லை. அன்றாட வாழ்வில் அவர்களுக்கு இதனால் ஒரு குறையும் தெரியாது. ஸ்கோலின் உடம்பில் ஏறும் நாள்வரை மரபணு வாய்திறப்பதில்லை.

ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் கே. தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோர் ஹார்வர்டின் டேவிட் ரைக் குழுவோடு சேர்ந்து 2009இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, இதன் வரலாற்றுப் பின்னணியைக் காட்டியது. வைசியர் சிறிய எண்ணிக்கையிலான மூதாதையரிடமிருந்து பெருகியவர்கள், நூறு தலைமுறைகளுக்கும் மேலாகத் தமக்குள்ளேயே மணம் செய்துவந்தவர்கள். ஆதி மூதாதையரில் ஒருவரிடம் தற்செயலாக இருந்த பிழை, இன்று முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொண்ட சமூகத்தில் பரவிக் கிடக்கிறது. நொதிக் குறைபாடு அவர்களிடம் பிற மக்களைவிட நூறு மடங்கு அதிகம் என்று மதிப்பிடப்படுகிறது. 2017இல் வந்த தொடர் ஆய்வு தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்களில் இந்த மூதாதை விளைவு, இதற்குப் பேர்போன ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட வலுவாக இருந்தது. வைசியருடைய பிழை நமக்குத் தெரிந்திருப்பது, ஆபரேஷன் மேசையில் அது தன்னைக் காட்டிக்கொண்டதால்தான். மற்ற குழுக்களிடம் என்னென்ன உறங்குகின்றன என்பதைப் பெரும்பாலும் யாரும் தேடவில்லை.

ஆகவே அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

தமிழ்நாட்டில் "செட்டியாரா?" என்று கேட்டால் ஆரிய வைசியரும் ஆம் என்பார், நகரத்தாரும் ஆம் என்பார், தேவாங்கரும் வாணியரும் ஆம் என்பார்கள். இந்தச் சமூகங்களுக்கு இடையே பட்டப்பெயரைத் தவிர மரபணு நெருக்கம் இருந்தாக வேண்டியதில்லை. கலப்பு மணம் செய்த குடும்பத்தில் பேரன் வேறு சாதிப் பெயரோடு வருவான். தத்தெடுத்து வளர்க்கப்பட்டவருக்குப் பதிலே தெரியாது. சாதியைச் சொல்ல விரும்பாத ஒருவர் சொல்லாமலே போகலாம், அது அவர் உரிமை. வைசியர் எல்லோருக்கும் குறைபாடு இருப்பதில்லை, வைசியர் அல்லாதவர் எல்லோரும் தப்பியவர்களும் அல்லர். காலோ கண்டறிந்த மாறுபட்ட நொதி ஐரோப்பியரில் ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒருவருக்கு இரு பிரதிகளாக இருக்கிறது. சாதி என்பது பின்கோடு மாதிரி. தபால் அந்த வட்டாரம்வரை போகும், வீட்டுக் கதவைத் தட்டாது.

மருந்துக்கும் மரபணுவுக்கும் உள்ள உறவு பற்றிய உலகக் கதை முழுவதிலும் இந்தப் பின்கோடு சிக்கல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு மிகத் தெளிவான சான்று வலிப்பு மாத்திரையான கார்பமசெபின்.

விலை மலிவான, பழகிய, நல்ல மருந்து அது. வலிப்புக்குக் கொடுக்கிறார்கள். முகத்தில் மின்சாரம் பாய்வதுபோல் வெட்டி இழுக்கும் டிரைஜெமினல் நரம்பு வலிக்கு முதல் தேர்வு அதுதான். ஆயிரக்கணக்கானவர்கள் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறார்கள். மிகச் சிலருக்கு மட்டும், தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் வரும், கண் உறுத்தும், வாயெல்லாம் புண்ணாகும், பிறகு தோல் தீக்காயம் பட்டதுபோல் உரியத் தொடங்கும். ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1922இல் விவரித்த நோய்க்குறி இது. இதன் கடுமையான வடிவத்தில் மூவரில் ஒருவர்வரை இறக்கிறார்கள்.

பிழைத்தவர்களின் துன்பம் பெரும்பாலும் கண்ணில் தங்குகிறது. கண்ணீர் வற்றி, கருவிழி மங்கி, பார்வை போகிறது. வழக்கமான கருவிழி மாற்று அத்தகைய கண்ணில் நிற்காது. அப்படிப்பட்ட சிலருக்குச் சென்னை சங்கர நேத்ராலயாவில் செய்யப்படும் அறுவை சிகிச்சை கேட்பவரைத் திகைக்க வைக்கும். நோயாளியின் கோரைப்பல் ஒன்றை வேர் எலும்போடு எடுத்து, இழைத்து, துளையிட்டு, அதில் ஒரு சிறிய ஒளியியல் உருளையைப் பொருத்துகிறார்கள். அதைச் சில மாதங்கள் உடம்புக்குள்ளேயே பதித்து வைத்துத் திசு வளர விடுகிறார்கள். பிறகு கண்ணில் வைத்துத் தைக்கிறார்கள். இத்தாலியின் ஸ்ட்ராம்பெல்லி 1960களில் உருவாக்கிய முறை. ஒரு மாத்திரை கெடுத்த கண்ணுக்கு ஒரு பல்லின் வழியே ஒளி திரும்புகிறது. அந்த மாத்திரையை எழுதுவதற்கு முன் ஒரு சொட்டு ரத்தம் பரிசோதித்திருந்தால் இவர்களில் சிலருக்கேனும் இது தேவைப்பட்டிருக்காது என்பதை நினைத்தால் மனம் பதறும்.

அந்தப் பரிசோதனைக்கு வழி திறந்தது தைவான். 2004இல் நேச்சர் இதழில் வெளிவந்த சிறு ஆய்வில், கார்பமசெபினால் இந்நோய்க்கு ஆளான 44 பேரிடமும், ஒருவர் விடாமல், எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வடிவம் இருந்தது. அதே மருந்தைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாத 101 பேரில் மூவரிடம் மட்டுமே அது இருந்தது. மருத்துவ ஆய்வுகளில் இப்படி நூற்றுக்கு நூறு வருவது அபூர்வம். எச்எல்ஏ புரதங்கள் உடம்பின் நோயெதிர்ப்பு அணுக்களுக்கு "இது நம்முடையது, இது அந்நியம்" என்று காட்டிக்கொடுப்பவை. இந்த ஒரு வடிவத்தோடு கார்பமசெபின் ஒட்டிக்கொள்ளும்போது, எதிர்ப்பு அணுக்கள் சொந்தத் தோலையே அந்நியமாக நினைத்துத் தாக்குகின்றன.

ஏழு ஆண்டுகள் கழித்து, 23 மருத்துவமனைகளில் சுமார் 4,900 பேரை முன்கூட்டிப் பரிசோதித்தார்கள். 7.7 சதவீதம் பேருக்கு அந்த மரபணு இருந்தது. அவர்களுக்கு வேறு மருந்து கொடுக்கப்பட்டது. மீதிப் பேர் கார்பமசெபின் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் தோல் உரியவில்லை. பழைய கணக்குப்படி பத்துப் பேர் அளவில் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த வெற்றிக்குள் இருக்கும் கணக்கையும் பார்க்க வேண்டும். மரபணு உள்ளவர்கள் 7.7 சதவீதம், எதிர்பார்க்கப்பட்ட நோயாளிகளோ கால் சதவீதத்துக்கும் குறைவு. அதாவது மரபணு உள்ள நூறு பேரில் மூன்று பேர் போலத்தான் நோய்க்கு ஆளாகியிருப்பார்கள், மற்ற 97 பேர் ஒரு நல்ல மருந்தைக் காரணமில்லாமல் இழக்கிறார்கள். மருந்து தொடர்பான மரபணுப் பரிசோதனைகளில் பலவற்றின் குணம் இதுதான். "இல்லை" என்ற பதிலை நம்பித் தூங்கலாம். "உண்டு" என்ற பதில் தீர்ப்பு அல்ல, எச்சரிக்கை மட்டுமே. விளம்பரத் துண்டறிக்கைகளில் இந்த வேறுபாட்டைத் தேடினால் கிடைக்காது.

இனி பின்கோடு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007 டிசம்பரில், ஆசிய வம்சாவளியினருக்குக் கார்பமசெபின் கொடுப்பதற்கு முன் பரிசோதியுங்கள் என்றது. ஆசியர் என்றால் யார்? ஹான் சீனர்களிலும் தாய்லாந்து மக்களிலும் அந்த மரபணு மிகுதி. ஜப்பானியரிடமும் கொரியரிடமும் அது மிக அரிது. ஜப்பானியருக்கும் ஐரோப்பியருக்கும் எச்எல்ஏ-ஏ*31:01 என்ற வேறொரு வடிவம் முக்கியம் என்பது 2011இல் தெரியவந்தது. ஒரே சொல்லுக்குள் டோக்கியோவையும் பாங்காக்கையும் பாண்டிச்சேரியையும் அடைத்தால் மரபணு அதற்குக் கட்டுப்படாது.

சிங்கப்பூரில் இந்தச் சிக்கல் கணக்காகவே வெளிவந்தது. அடையாள அட்டையில் இனம் குறிக்கப்படும் நாடு அது. அங்குள்ள இந்தியர்களில் பெரும்பான்மையோர் தமிழர். 2012இல் வந்த செலவுக் கணக்கு ஆய்வு ஒன்று, இந்தப் பரிசோதனை சீனருக்கும் மலாய்க்காரருக்கும் செலவுக்குத் தகுந்த பலன் தரும், இந்தியருக்குத் தராது என்று முடித்தது. இந்தியரிடம் அந்த மரபணு குறைவு என்பதே காரணம். கணக்கு சரிதான். ஆனால் சராசரி குறைவாக உள்ள குழுவில் பிறந்துவிட்ட, மரபணு உள்ள ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அந்தச் சராசரி எந்தப் பாதுகாப்பும் தராது. 2014இல் மலேசிய ஆய்வாளர்கள் இந்தியர் பற்றிய தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, இந்தியரிடமும் பி*15:02க்கும் இந்நோய்க்கும் உறுதியான தொடர்பு தென்பட்டது. நல்லவேளை, சிங்கப்பூர் அரசு 2013இல் விதி வகுத்தபோது இனவாரியாகப் பிரிக்கவில்லை. ஆசிய வம்சாவளியினர் எல்லோருக்கும் மருந்து தொடங்குமுன் பரிசோதனை, அரசு மருத்துவமனைகளில் அதற்கு மானியம் என்றது. அதன்பின் அங்கே கார்பமசெபினால் வரும் தோல் உரிவு பெருமளவு குறைந்தது.

ஹாங்காங்கின் அனுபவம் வேறு. 2008இல் அங்கும் பரிசோதனை கட்டாயமாயிற்று. கார்பமசெபினால் வரும் நோய் நின்றது. ஆனால் வலிப்பு மருந்துகளால் வரும் தோல் நோயின் மொத்த அளவு குறையவில்லை! பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க மனமில்லாத மருத்துவர்கள், பரிசோதனை தேவைப்படாத ஃபெனிடாயினையும் பிற மருந்துகளையும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஃபெனிடாயினும் இதே நோயைத் தரக்கூடியது. விதி ஒரு கதவை அடைத்தது, நோயாளிகள் பக்கத்துக் கதவு வழியாக அனுப்பப்பட்டார்கள். மருத்துவரைக் குறைசொல்வது எளிது. வெளியூரிலிருந்து வந்த வலிப்பு நோயாளியை, ரத்த முடிவு வர ஒரு வாரம் ஆகும், அதுவரை மாத்திரை கிடையாது என்று எந்த மருத்துவர் அனுப்புவார்? முடிவு மருந்துச்சீட்டுக்கு முன்பே கைக்கு வர வேண்டும், அல்லது எப்போதோ எடுத்து வைத்த முடிவாக இருக்க வேண்டும்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் க்ளோபிடோக்ரெலிலும் இதே கதை, வேறு வேடத்தில். அந்த மாத்திரை ஈரலில் சிஒய்பி2சி19 என்ற நொதியால் மாற்றப்பட்ட பிறகே வேலைசெய்யும். நொதி மந்தமாக உள்ளவர்கள் மாத்திரையை ஒழுங்காக விழுங்குவார்கள், ரத்தம் கட்டுவது மட்டும் எதிர்பார்த்தபடி குறையாது. இந்த மந்தமான வடிவம் தெற்காசியரிடம் மிகப் பரவலானது. அமெரிக்காவில் 2010இலேயே மருந்து அட்டையில் கடும் எச்சரிக்கை ஏறியது. ஆசிய, பசிபிக் தீவு மக்களிடம் மருந்து சரியாக வேலைசெய்யாமல் போகலாம் என்பதைச் சொல்லாமல் விற்றதாக ஹவாய் மாநிலம் தொடுத்த வழக்கில், 2024 மே மாதம் 91.6 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பிரிட்டனின் மருத்துவத் தர நிர்ணய அமைப்பான நைஸ், அதே ஆண்டு ஜூலையில், பக்கவாதம் வந்தவர்களுக்கு க்ளோபிடோக்ரெல் தொடங்குமுன் இந்த மரபணுவைப் பார்க்கச் சொன்னது. யாருடைய தோல் நிறத்தையும் பூர்விகத்தையும் கேட்கவில்லை என்பது அந்தப் பரிந்துரையில் கவனிக்க வேண்டிய அம்சம்.

பரிசோதனைப் பட்டியலே ஒரு பின்கோடாக மாறிவிடும் ஆபத்தும் இருக்கிறது. குடல் அழற்சிக்கும் மூட்டு நோய்களுக்கும் கொடுக்கும் அசதியோபிரின், சிலருக்கு வெள்ளணுக்களை அபாயமாகக் குறைக்கும், முடியைக் கொட்ட வைக்கும். மேல்நாட்டுப் பாடங்களின்படி டிபிஎம்டி என்ற மரபணுவைப் பார்த்தால் போதும். ஆசிய நோயாளிகளுக்கு அது சரியாக வந்தபோதும் வெள்ளணு சரிந்தது. 2014இல் கொரியாவில் என்யுடிடி15 என்ற இன்னொரு மரபணு பிடிபட்டது. இந்திய நோயாளிகளிடமும் அது முக்கியம் என்று பிறகு தெரிந்தது. ஐரோப்பியருக்காகத் தயாரித்த பட்டியலை அப்படியே இறக்குமதி செய்து, "உங்களுக்கு ஆபத்தில்லை" என்று அச்சடித்துக் கொடுக்கும் பரிசோதனைக்கூடம், பரிசோதிக்காததைவிடக் கெடுதல் செய்யலாம்.

ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு முறை என்றில்லாமல், ஒரே தடவையில் பல மரபணுக்களைப் பார்த்துக் கையில் ஓர் அட்டை கொடுத்தால் என்ன என்று ஐரோப்பாவில் ஏழு நாடுகள் சேர்ந்து சோதித்தன. 12 மரபணுக்கள், 6,944 நோயாளிகள். 2023இல் லான்செட்டில் முடிவு வந்தது. மரபணுப்படி மருந்தை மாற்ற வேண்டியிருந்தவர்களில், அப்படி மாற்றப்பட்ட குழுவில் 21 சதவீதம் பேருக்கும், வழக்கப்படி விடப்பட்ட குழுவில் 27.7 சதவீதம் பேருக்கும் பக்கவிளைவு வந்தது. நல்ல செய்திதான், கொண்டாடிவிடுவதற்கு முன் ஒரு தயக்கமும் உண்டு. மருந்தை மாற்றத் தேவையில்லாதவர்களிடமும் இதே போன்ற வித்தியாசம் தெரிந்தது. அட்டை கையில் இருப்பதே நோயாளிக்குத் தைரியம் கொடுத்திருக்கலாம் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். தாய்லாந்தில் ராமாதிபோதி மருத்துவமனை இத்தகைய அட்டையைப் பர்ஸில் வைக்கும் அளவில் கொடுத்துவருகிறது. வேறு ஊர் மருத்துவரிடம் போனாலும் நீட்டலாம்.

இந்தியாவில் ஜீனோம் இந்தியா திட்டம் 83 மக்கள் குழுக்களைச் சேர்ந்த சுமார் பத்தாயிரம் பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. எந்த மரபணுவைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியலை நம் மக்களை வைத்தே எழுத இது உதவும். நோயாளியிடம் எந்தச் சாதி என்று கேட்க இது உதவினால், இவ்வளவு செலவும் வீண். குழுவின் பெயர் ஆய்வுக்கூடத்தில் தேடலுக்குப் பயன்படட்டும், மருந்துச்சீட்டின் முன் ஆளைப் பார்ப்பதுதான் முறை. அவசர சிசேரியனில் அவகாசம் இல்லாதபோது பழைய கேள்வியைக் கேட்பதில் குற்றமில்லை. மாதக்கணக்கில் தேதி குறித்துச் செய்யும் குடலிறக்க ஆபரேஷனிலும் அதையே நம்பியிருப்பதுதான் கேள்விக்குரியது.

ஸ்கோலினைப் பொறுத்தவரை தமிழ்நாடு புதிய கருவிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பூச்சிமருந்து குடித்து வருகிறவர்களின் விஷ அளவை ஊகிக்க, பல மருத்துவமனைகளில் ரத்தத்தில் இதே சூடோகோலினெஸ்டெரேஸை அளக்கிறார்கள். ஆர்கனோபாஸ்பேட் விஷங்கள் அந்த நொதியை முடக்குவதால்தான் இந்த ஏற்பாடு. இதனால் விபரீதமும் நேரலாம். பிறவியிலேயே நொதி இல்லாத ஒருவர் வேறு காரணத்தால் மயங்கி வந்தால், அளவைப் பார்த்து விஷம் என்று சிகிச்சை தொடங்கிவிடக்கூடும். திட்டமிட்ட ஆபரேஷனுக்கு முன் இதே பரிசோதனையைச் செய்து, அளவு மிகக் குறைவாக இருந்தால் ஸ்கோலினைத் தவிர்த்து ரோகுரோனியம் போடலாம். அதன் விளைவை உடனே முறிக்க சுகமாடெக்ஸ் இருக்கிறது, விலைதான் சற்று அதிகம். ஈரல் நோயிலும் கர்ப்ப காலத்திலும் இந்த நொதி இயல்பாகவே குறையும் என்பதால், குறைந்தவர்களுக்கு மட்டும் மரபணுவைப் பார்த்து உறுதிசெய்து, முடிவை டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்திலேயே, ஒவ்வாமைக்கு அடுத்த வரியில் எழுதிக் கொடுக்கலாம். கூடப் பிறந்தவர்களுக்கும் இது இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால், அந்தத் தாளின் நகல் அவர்கள் வீட்டுக்கும் போக வேண்டும்.